பதினான்காம் கட்டிலின் மறுபக்கம்

அத்தியாயம் 5

"வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறவங்கள நிறையப் பாத்திருக்கேன். வேலைய விட்டது தனக்கே தெரியாம வந்து நிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றாள் கங்கா.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் அவள் இல்லை. பெயர் மாரிசெல்வி, வயது இருபத்திரண்டு, ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் தயாரிக்கிற கம்பெனியில் இரண்டு வருஷமாக டிரெய்னி. நேற்று ராத்திரி ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் அவளுடைய பஞ்ச் கார்டு வேலை செய்யவில்லை. 'நீதான் ராஜினாமா பண்ணிட்டியேம்மா, அப்புறம் எதுக்கு வந்தே?' என்று செக்யூரிட்டி கேட்டிருக்கிறார். அவளுக்குத் தலை சுற்றிவிட்டது.

"நான் எதையும் எழுதிக் குடுக்கலக்கா. சத்தியமா குடுக்கல. திங்கக்கிழம காலைல ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல ஷிப்ட் லிஸ்ட் பாக்கப் போனேன், அம்புட்டுதான். அந்த நேரத்துல நானே ராஜினாமா போட்டுட்டேன்னு சொல்லுதாக."

"பட்டியல் எப்ப?"

"இன்னைக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போகுதாம்."

பட்டியல் என்றால் என்ன என்று கங்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் முடித்த டிரெய்னிகளில் யார் யார் நிரந்தரம் என்று முடிவு செய்கிற பட்டியல் அது. அதில் பெயர் வந்தால் வாழ்க்கை. வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிற வேலையில் நாலு வருஷம் நின்றவள் கங்கா. வாசலிலேயே அழுதுவிட்டுப் போன பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை மூன்றாவது வருஷமே நிறுத்திவிட்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில், 'கங்கா துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறது. முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் நிஜமாகவே சூப்பர்வைசரா, இல்லை லோடிங்கா என்று பெண் வீட்டாருக்குத் தெரிய வேண்டும். போன வருஷம், 2012இல், அம்மா போய்ச் சேர்ந்த பிறகு கங்காவுக்கு வேலைநாள்கள் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆகாது. காலையிலிருந்து ராத்திரி வரை வாயைத் திறக்காமலே அந்த நாள் போய்விடும்.

"ராத்திரி எங்க இருந்தே?" என்று கேட்டாள்.

"ஹாஸ்டல் ஹால்ல உக்காந்திருந்தேன்."

"கட்டில்ல படுக்க வேண்டியதுதானே?"

"ராத்திரி கட்டில் என்னுது இல்லக்கா."

கங்கா இதைப் பிடித்திருக்க வேண்டும். துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அதே நேரத்தில் தாண்டவராயன் குறுக்கே புகுந்துவிட்டான்.

தாண்டவராயன் அவளுடைய உதவியாளன். வடக்குப்பட்டுக்காரன், முப்பது வயது. தண்டலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வெப்சைட் செய்து தருகிறேன் என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் இங்கே வந்து ஒதுங்கியவன். நாக்குக்கு லீவு கொடுத்ததே கிடையாது.

"மேடம், ராஜினாமா பேப்பரு என் கைல கீது. ஜாதகம் பாக்கட்டா?"

கம்பெனி ஹெச்.ஆரில் மாரிசெல்வியிடம் கொடுத்த நகல் அது. கட்டில் எண் 14, நபர் 1, திங்கள் காலை 10.42, கருவி: கம்ப்யூட்டர். அதற்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி: 'நிழல் – உண்டு. வளைவு – உண்டு. திருப்பு – இல்லை.'

"இது என்னடா, ஜோசியம் மாதிரி இருக்கு?"

"ஜோசியமேதான் மேடம். ஆனா பொய் சொல்லாத ஜோசியம்." தாண்டவராயன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "ஒரு வெப் பக்கம் தொறக்குதுன்னு வைங்க. பாக்கிற பிரவுசர் எத்தைஎத்தை வரையும்னு பக்கத்துக்குத் தெரியாது. சில பிரவுசர் பெட்டிக்குப் பின்னாடி நிழல் போடும், ஓரத்த வளைக்கும், பெட்டியவே தோசை மாதிரி திருப்பும். பழசுக்கு ஒண்ணும் வராது. அப்போ எப்டி கண்டுபிடிக்கிறது?"

"பேரைக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

"பேரக் கேட்டா புளுகும் மேடம். நம்மகிட்ட வர்ற மாப்பிள்ளைங்க எல்லாம் சூப்பர்வைசர்னு சொல்லல? அதனால சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதிடுவாங்க. அது யாருக்கும் தெரியாம ஒரு காலி டப்பாவப் பக்கத்துக்குள்ள வைக்கும். 'நிழல் போடு பாக்கலாம்'னும். போட்டா உண்டு. முழிச்சா இல்ல. கேட்டு முடிச்சதும் டப்பாவத் தூக்கிக் கடாசிடும். அப்பிடி ஒண்ணு வந்துட்டுப் போனதே வெளிய யாருக்கும் தெரியாது."

"பாவம்" என்றாள் மாரிசெல்வி, அவளையும் அறியாமல்.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கங்கா எழுந்து கைப்பையை மாட்டினாள். "அப்ப ராஜினாமா எந்த மெஷின்லேர்ந்து போச்சோ, அதோட கைரேகை இந்த வரி. கிளம்புடா. மொதல்ல ஹாஸ்டல்."

*

வடக்குப்பட்டில் மூன்று மாடி விடுதி. முந்நூறு பெண்கள் இருக்கிற இடம் என்று சொன்னால் நம்ப முடியாது, அத்தனை அமைதி. ஷிப்டுக்குப் போனவர்கள் போய்விட்டார்கள், வந்தவர்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று விதி.

வார்டன் மீனம்மாள் கம்ப்யூட்டர் இருந்த மூலையைக் காட்டினாள். "இன்னாத்துக்கும்மா இத்தப் பாக்கணும்? இது ஆன் ஆவறதுக்கே அரை மணி நேரம் ஆவும்."

"வேலைய விட்டுக் காலி பண்றதுக்கு எழுதிக் குடுக்கிற பக்கம் இதுலதானே?"

"இந்த மாசந்தான் பேப்பர எடுத்துட்டு இத்த வச்சாங்க. கட்டில் நம்பரு, அந்தக் கட்டிலுக்குன்னு நாலு இலக்கத்துல ஒரு பின்னு. அவ்ளோதான். செல்லுல தொறக்காது, கம்ப்யூட்டர்ல மட்டுந்தான். இதுவரிக்கும் ரெண்டு பேருதான் போட்டுக்கீறாங்க."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்று எழுதுகிற நோட்டில் மாரிசெல்வியின் கையெழுத்து இருந்தது. திங்கள், 10.30. நேரமும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் இந்தப் பெண்ணை நம்ப மாட்டான்.

தாண்டவராயன் பக்கத்தைத் திறந்தான். திரையில் ஒரு பெட்டி வந்தது. நாலு மூலையும் கத்தியால் வெட்டிய மாதிரி கூர். நிழல் கிடையாது. அடியில் அதே பொடி வரி, ஆனால் சேதி வேறு: 'நிழல் – இல்லை. வளைவு – இல்லை. திருப்பு – இல்லை.'

"போண்டியான பிரவுசரு மேடம்! எத்தக் கேட்டாலும் கையத்தான் விரிக்குது. ராஜினாமாவுல ரெண்டு உண்டு இருந்துச்சு. இதுலேர்ந்து போவல. பொண்ணு சொல்றது நெசம்!"

கங்கா மூச்சை விட்டாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாரிசெல்வி போடவில்லை, சரி. அப்படியானால் போட்டது யார்?

*

ஹெச்.ஆர். அதிகாரி இனியவனுக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போன கோபம் ஏற்கெனவே இருந்தது. கங்காவைப் பார்த்ததும் கூடிற்று.

"மேடம், கேட்ல இருந்தப்ப என் டிபன் பாக்ஸைக்கூட திறந்து பாத்தீங்க. இப்ப என்ன பாக்கணும்?"

"உங்க கம்ப்யூட்டர்."

"எதுக்கு?"

"பட்டியல்ல நாப்பது பேர், இடம் முப்பத்தொம்பதுன்னு கேண்டீன்ல பேசிக்கிறாங்க. யாராச்சும் ஒருத்தர் தானா விலகினா உங்களுக்கு வேலை சுலபம். கட்டில் நம்பரும் உங்ககிட்ட இருக்கு, பின்னும் இருக்கு."

இனியவன் முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, "பாத்துக்கோங்க" என்றான்.

தாண்டவராயன் பக்கத்தைத் திறந்தான். அழகான அட்டை ஒன்று வந்தது. வளைந்த மூலைகள், பின்னால் மெல்லிய நிழல். '14' என்று பெரிதாக, ஓரத்தில் சின்னதாக '1'. தட்டியதும் அட்டை அப்படியே சுழன்று மறுபக்கத்தைக் காட்டியது. அடியில்: உண்டு, உண்டு, உண்டு.

தாண்டவராயனின் முகம் தொங்கிவிட்டது. "மூணு உண்டு மேடம். சார் ரொம்ப நல்லவரு. மன்னிச்சிக்கோ சார்."

கங்கா மன்னிப்பு கேட்கவில்லை. அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கத்திலும் '14'தான். ஆனால் ஓரத்தில் '2'.

"இந்த அட்டை ஏன் சார் திரும்புது?"

"ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர் மேடம். ஒருத்தி பகல் ஷிப்ட், ஒருத்தி ராத்திரி. ஓ.டி.யோட பன்னெண்டு மணி நேரம். இவ எந்திரிச்சுப் போனதும் அவ வந்து படுப்பா. முன்பக்கம் மொதல் ஆள், தட்டினா ரெண்டாவது ஆள். பொண்ணுங்க பாதுகாப்புக்காகப் பேர் போடறதில்ல."

ராத்திரி கட்டில் என்னுது இல்லக்கா.

காலையில் கேட்டது இப்போதுதான் கங்காவின் மண்டைக்குள் இறங்கியது. தன்னையே பளாரென்று அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டாவது ஆள் யாரு?"

இனியவன் பட்டியலைப் புரட்டினான். "சுகப்பிரியா. இவளும் அந்தப் பக்கந்தான், புளியங்குடி. திங்கக்கிழமைலேர்ந்து ஆப்சென்ட்."

தாண்டவராயன் தன் செல்லை எடுத்தான். கேமராவின் மேல் செக்யூரிட்டி ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. மூன்று வருஷத்துப் பழைய டச் போன். எதையோ நோண்டினான்.

"மேடம், இந்தப் பக்கம் செல்லுல தொறக்காதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? அது பேர மட்டுந்தான் கேக்குது. இந்த மாடல் போன்ல செட்டிங்ஸ் உள்ள ஒரு டிக் போட்டா, 'நான் செல்லு இல்ல, கம்ப்யூட்டரு'ன்னு பேர மாத்திச் சொல்லிடும். தோ, தொறந்துடுச்சு பாருங்க." அவன் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "நிழல் உண்டு. வளைவு உண்டு. திருப்பு இல்ல. அச்சு அசலா அதே வரி. அப்போ குத்தவாளி நானா மேடம்?"

"தட்டு."

தட்டினான். அட்டை அசையவில்லை. மறுபடி தட்டினான். '14'. ஓரத்தில் '1'. கீழே 'சமர்ப்பி' என்கிற பட்டன் மட்டும் பளபளவென்று காத்துக்கொண்டிருந்தது.

"சுகப்பிரியா போட்டது அவளோட ராஜினாமாடா" என்றாள் கங்கா. "தன் கட்டில் நம்பர் வந்துச்சு, அமுக்கிட்டா. அதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அந்த போன்ல தெரியல. முன்பக்கத்துல இருந்தவ வேலை போயிடுச்சு."

"பக்கம் செஞ்சவனப் பாருங்க மேடம். உன்னால திருப்ப முடியுமான்னு ஒழுங்கா கேட்டுக்கீறான். முடியாதுன்னு பதிலும் வந்துக்கீது. அத்த எழுதியும் வச்சிக்கினான். முடியாதவங்களுக்கு ரெண்டு பேரையும் கீழ கீழ காட்டணுமில்ல? அத்த மட்டும் எழுதாம பூட்டான்."

இனியவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா எனக்கு வந்தது ஒரு ராஜினாமா. அது மாரிசெல்வியோடது இல்லன்னா, என்னோடதுன்னு இன்னொருத்தி வந்து எழுதிக் குடுக்கணும். அஞ்சு மணிக்குள்ள. கம்ப்யூட்டர்படி சுகப்பிரியா இன்னைக்கும் வேலைலதான் இருக்கா. மூணு நாள் லீவு சொல்லாம போயிருக்கா, அவ்வளவுதான்."

மணி இரண்டே கால்.

*

சுகப்பிரியாவின் நம்பர் அணைக்கப்பட்டிருந்தது. புளியங்குடி போய்ச் சேர ஒரு ராத்திரி ஆகும். அஞ்சு மணிக்குள் என்ன செய்வது? கங்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மேடம், அந்த டிக் போடறது பொண்ணுங்களுக்குத் தானா தெரியாது" என்றான் தாண்டவராயன், வண்டியை விரட்டிக்கொண்டே. "நம்ம பஸ் ஸ்டாப்புல மகாராஜான்னு ஒருத்தன் ரீசார்ஜ் கடை வச்சிக்கினு கீறான். எனக்கே அவன்தான் போட்டுக் குடுத்தான்."

மகாராஜா கடைக்காரன் யோசிக்கவே இல்லை. "திங்கக்கிழமையா? ஆமா, பெட்டியோட ஒரு பிள்ள வந்துச்சு. டிக் போட்டுக் குடுத்தேன். இங்கனயே நின்னு என்னமோ அமுக்கிச்சு. தெனம் வருதே."

"தினமுமா?"

"சாயங்காலம் சார்ஜ் போட வருது. மெஸ்ல வேலைக்கு நிக்குது."

கங்கா திரும்பிப் பார்த்தாள். சொர்ணம்மாள் மெஸ். அவளுடைய ஆபீஸிலிருந்து எட்டாவது கடை. மூன்று நாளாக அதே மெஸ்ஸிலிருந்துதான் அவளுக்குச் சாப்பாடு வருகிறது. ஊரையே துப்பறிகிற கங்காவுக்குத் தன் இலையில் விழுகிற சாம்பாருக்கு வெங்காயம் உரிப்பது யார் என்று தெரியவில்லை.

பின்கட்டில், ஒரு கூடை சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த பெண். கங்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவள் கை நின்றுபோயிற்று.

"மாரிசெல்விக்கா வேலை போச்சு? ஐயோ! நான் என்னுதத்தானே போட்டேன்!"

"தெரியும்மா. ஏன் வேலைய விட்டே? யாராச்சும் தொந்தரவு பண்ணாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் பண்ணலக்கா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. பதினாலு மாசமா ஒருத்தரும் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடல, அம்புட்டுதான். லைன்ல நம்பரு. ஹாஸ்டல்ல கட்டில். ஒருநா என் பேர நானே வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். பயமா இருந்துச்சு."

"பின்ன ஊருக்குப் போயிருக்கலாமே?"

"போனா ஏன் வந்தேன்னு கேப்பாக. என்ன சொல்ல? அடிச்சாகன்னா சொல்லலாம், வைதாகன்னா சொல்லலாம். யாரும் பேசலன்னு சொன்னா சிரிக்க மாட்டாகளா?" அவள் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "பஸ்ஸு வரும், ஏற மாட்டேன். நேத்து கம்பெனி கேட்டு வரைக்கும் போனேன். திரும்ப எடுத்துக்கிடுவாகளான்னு கேக்க நெனச்சு, தைரியம் வரல."

இப்போது கங்காவின் முன்னால் இரண்டு வழி இருந்தது. 'வந்து ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போகலாம். கேஸ் முடிந்துவிடும். அந்தக் கையெழுத்து எதைக் கொண்டுபோகும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். தாண்டவராயன் கங்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை.

"சுகப்பிரியா" என்றாள் கங்கா. பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்தாள். "உன் வேலை போகல. கம்ப்யூட்டர்ல நீ இன்னும் இருக்கே. சும்மா இருந்துட்டு நாளைக்குப் போய் நின்னா உன்னை எடுத்துப்பாங்க. நீ இன்னைக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்குப் போகும். போடலன்னா மாரிசெல்விக்குப் போகும். ரெண்டுல ஒண்ணு. நான் மாரிசெல்வி பக்கத்து ஆளு. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல."

சுகப்பிரியா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். வெளியே பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"அவ எப்பிடி இருப்பாக்கா?"

"யாரு?"

"மாரிசெல்வி. ஒருக்க வார லீவன்னைக்கிப் பாத்தேன். போர்வைய மூஞ்சி வரைக்கும் மூடிப் படுத்திருந்தா. எழுப்ப மனசு வரல. கட்டில்ல நான் வந்து படுக்கும்போது அவ சூடு இருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போட்டத நான் போட்டேன்னு சொல்லணும்லா. வாங்க, போவோம்."

*

இனியவனின் அறை வாசலில் மாரிசெல்வி காத்திருந்தாள். தாண்டவராயனின் வண்டியிலிருந்து இறங்கி வந்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா?"

"நாந்தான்."

"ஏட்டி, நீ இம்புட்டு உயரமா? கால மடக்காம அதுல எப்பிடிப் படுத்த?"

சுகப்பிரியா சிரித்துவிட்டாள். இரண்டு பேர் கையும் கோத்துக்கொண்டன.

உள்ளே இனியவன் தாளை நீட்டினான். சுகப்பிரியா எழுதினாள். திங்கள்கிழமை அனுப்பிய ராஜினாமா தன்னுடையது, மாரிசெல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாலு வரி. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"காரணம் எழுதும்மா. காலியா விடக்கூடாது."

"மாசாமாசம் குடுத்தேனே சார். அதையே பாத்துக்கிடுங்க."

"எதை?"

"நலன் படிவம்னு ஒண்ணு குடுப்பாகல்லா. 'விடுதியில் தனிமையாக உணர்கிறீர்களா, ஆம், இல்லை'ன்னு இருக்கும். பதினாலு மாசமும் ஆம்னுதான் போட்டேன். யாராச்சும் வந்து கேப்பாகன்னு."

இனியவன் எதிரே இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தான். எழுந்து போய்த் திறந்தான். மாத வாரியாகக் கட்டுக்கட்டாக, நூல் போட்டுக் கட்டி, தேதி எழுதி, ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஒரு கட்டின் முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். காரணம் என்ற இடத்தில் அவனே எதையோ எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று கங்கா எட்டிப் பார்க்கவில்லை. நாலே முக்காலுக்கு மாரிசெல்வியின் பெயர் பட்டியலில் ஏறியது.

ஊருக்குக் கிளம்பிய சுகப்பிரியாவின் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மாரிசெல்விக்கு ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் அந்த ஒரு மணி நேரமும் இரண்டு பெண்களும் நிறுத்தாமல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மாடி ஜன்னலில் நின்ற கங்காவுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தடவை சுகப்பிரியா அழுதாள். பஸ் வந்தது. இந்த முறை அவள் ஏறிவிட்டாள்.

"கேஸ் முடிஞ்சிது மேடம்" என்றான் தாண்டவராயன். "ஜெயிச்சோமா, தோத்தோமா? எனக்கு ஒண்ணும் பிரியல."

"வீட்டுக்குப் போடா" என்றாள் கங்கா.

*

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவளுடைய போன் அடித்தது.

"சொல்லு மாரிசெல்வி. மறுபடி என்ன பிரச்சினை?"

"பிரச்சினை இல்லக்கா. ஷிப்ட் முடிஞ்சி வந்துட்டேன். நம்ம கட்டிலுக்குப் புதுசா ஒரு பிள்ள சேருதாம். பத்து மணிக்குப் பெட்டியோட வருமாம். நாளையிலருந்து பகல் ஷிப்டுக்குப் போயிரும், அப்புறம் பாக்க முடியாது. பேரு என்னன்னு வார்டன்கிட்ட கேட்டா, நம்பரு மட்டுந்தான் வந்திருக்குங்காக. அதான் முழிச்சி உக்காந்திருக்கேன். தூக்கம் கண்ணக் கட்டுது. எதையாச்சும் பேசிக்கிட்டே இருங்கக்கா."

"நானா? என்னத்தப் பேசறது?"

"உங்களப் பத்திச் சொல்லுங்க."

கங்கா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். ஆயிரம் பேரை விசாரித்தவளுக்கு, தன்னைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மாவைப் பற்றி ஆரம்பித்தாள். அம்மா வைக்கிற மீன் குழம்பு, கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட சோடா, அந்தச் சோடாவை வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. இதுவரை யாரிடமும் சொல்லாதது. மறுமுனையில் மாரிசெல்வி உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம். வந்துட்டா."

பெட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "வா, வா. இதான் நம்ம கட்டிலு. நான் மாரிசெல்வி. உன் பேரு என்னட்டி?" என்று கேட்டாள். பதில் மெல்லிய குரலில் வந்தது, கங்காவுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அப்புறம் எந்த ஊரு, சாப்பிட்டியா, அண்ணன் தம்பி உண்டா என்று பேச்சு ஓட ஆரம்பித்தது.

போனைத் துண்டிக்க மாரிசெல்வி மறந்துவிட்டாள். கங்காவும் துண்டிக்கவில்லை. படியேறி வந்த தாண்டவராயன் வாயைத் திறந்தபோது, பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, அந்த இரண்டு பெண்களும் பேசுவதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.